மூலை மடங்காமல்

என் கோபக்காரிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நீ உன் அக்கா வீட்டுக்குப் போன அன்று நான் அழவில்லை. காலியான உன் அலமாரியில் என் பழைய ஓட்டல் அஞ்சலட்டை ஆல்பங்களை அடுக்கினேன்.

வாசலில் நின்று நீ கேட்டது இன்னும் காதைக் குடைகிறது: "நானூறு ஓட்டல் படம் வச்சிருக்கீங்களே, ஒண்ணுக்காவது என்னை ஒரு காபி குடிக்கக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை உன் பீரோவை எடுக்க உன் தம்பி வண்டியோடு வருகிறானாம். அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆல்பங்களை நேற்றே, என்னைப் போலவே அட்டை சேர்க்கும் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். மயக்க ஊசி போடாமலே பிடுங்கிக்கொண்டார். வீட்டில் ஓர் அட்டைகூட இல்லை, சத்தியம். வண்டி வேண்டாம், நீ வா.

இப்படிக்கு,
உன் அசடு

பி.கு.: இதை எழுதியிருக்கும் அட்டையின் மறுபக்கத்தைப் பார். அந்தக் கடலோர ஓட்டல் படம் கிடைப்பது அபூர்வம். வரும்போது மூலை மடங்காமல் கொண்டு வா.