என் முகத்தில் ஓடும் வண்டி

அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். டெலிவரி வண்டி விபத்தில் அடிபட்ட உன் அப்பாவுக்கு முட்டிக்குக் கீழே காலை எடுத்தாகிவிட்டது, ஆனால் ஆள் தெளிவாக இருக்கிறார். நானாக இருந்தால் மறுநாளே நொண்டியடித்து வீட்டுக்கு வந்திருப்பேன். ஐம்பது தாண்டியவருக்கு டெலிவரி வேலை கிடையாது என்று கம்பெனி கையை விரித்தபோது, என் பெயரில் ஐடி எடுத்துக் கொடுத்து அண்ணாவை வண்டியில் ஏற்றிவிட்டவன் நான்தானே. மூன்று மணி நேரத்துக்கொரு தடவை, ஐடிக்காரன்தான் ஓட்டுகிறானா என்று போன் முகத்தைக் கேட்கும், எங்கே இருந்தாலும் என்னைத் தேடி வந்து காட்டிக்கொண்டு போவார். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் தலை வாராமல் முகம் காட்டியதில்லை.

போன வாரம் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. டெலிவரிக்காரர்களும் தொழிலாளிகள்தான், அடிபட்டால் நஷ்டஈடு உண்டு என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாம், அதைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா மனு போட்டுவிட்டாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நுழைந்ததும் அதிகாரியம்மா எழுந்தே நின்றுவிட்டாள் என்று வைத்துக்கொள். கம்பெனி வக்கீல் மூவாயிரம் படத்தைக் காட்டினார், எல்லாவற்றிலும் நான், எந்தப் படத்திலும் அண்ணா இல்லை. எங்க ஆளு இதோ முழுசா நிக்கிறாரே, இவர் யாருங்க என்றார். அண்ணா சும்மா இருக்காமல் எந்த மாடிக்கு லிஃப்ட் ஓடாது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கை நடுங்குகிறவருக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைக்க வேண்டும் என்று கால் மணி நேரம் ஒப்பித்தார். ஏரியாக்காரருக்கு இதெல்லாம் தெரியாதா மேடம் என்று வக்கீல் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் அடக்க முடியவில்லை. அப்புறம் அதிகாரியம்மா என் பக்கம் திரும்பி, வண்டி ஓட்டினது யாருங்க என்றாள். ஐடியை இரவல் கொடுத்தேன் என்றால் பிடுங்கிவிடுவார்கள், வேறு எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்காது. நான்தாங்க, அன்னைக்கு மட்டும் அண்ணன் சும்மா ஒரு ரவுண்டு எடுத்துட்டுப் போனாரு என்று அடித்துவிட்டேன். நீங்க சட்டம் படிச்சிருக்கணும் சார் என்று வக்கீலே கையைக் குலுக்கினார். அண்ணிதான் படிக்கட்டில் நிறுத்தி, அந்த மூஞ்சிய நல்லா தொடச்சு வச்சுக்கங்க தம்பி, இனிமேலும் தேவைப்படும் என்றாள்.

அப்படிப் பேசினவள் திங்கட்கிழமையிலிருந்து அதே ஐடியில் வண்டி ஓட்டுகிறாள், அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. காலையில் வருவாள், போனை மட்டும் என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். நானும் பெரிய மனசு பண்ணிக் காட்டுகிறேன்.

தீர்ப்பு இன்னும் எழுதவில்லை. அண்ணா உன்னைச் சாட்சியாகக் கொடுத்திருக்கிறார், அடுத்த மாதம் ஏழாம் தேதி உன்னைப் போனில் கேட்பார்கள். அப்பா வேலைக்கே போனதில்லை, வீட்டில்தான் இருந்தார் என்று சொல். மாற்றிச் சொன்னால் அன்றைக்கே ஐடி போகும், மறுநாள் காலையில் உன் அம்மா வெறுங்கையோடு நிற்பாள். நஷ்டஈடு வருகிறபோது வரும், அதுவரை சாப்பாடு யார் போடுவது என்று நீயே யோசித்துக்கொள்.

நோய்நொடி இல்லாமல், வேலை உயர்வோடு நீ நூறாண்டு இருக்க வேண்டும். போனில் பேசினால் பதிவாகிவிடும் என்றுதான் கைப்பட எழுதினேன், படித்ததும் கிழித்துவிடு.

உன் நலம் தவிர வேறொன்றும் நினைக்காத
சித்தப்பா