மச்சானுக்கு வாங்கிய கோடி வேட்டி

ஆடி 4, திங்கள்

காற்று. தென்னை மட்டை ஒன்று மோட்டார் ரூம் மேல் விழுந்தது. ஓடு தப்பியது.

இன்று முதல் இது. ஜெயந்தி டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம். சாயங்காலம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு. திங்கள், புதன், வெள்ளி. "தினமும் போன்கிட்ட பேசுங்க ஐயா, அது எழுதும். நல்லாப் படிக்க வந்தப்புறம் நீங்களே எடுத்துப் படிக்கலாம்" என்றார். அதுவரை யாருக்கும் காட்ட வேண்டியதில்லையாம். மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்து பேசுகிறேன். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினால்தான் போன் ஒழுங்காக எழுதுகிறது.

இதுவரை தெரிந்த எழுத்து: என் பேர், வீட்டுக்காரி வள்ளி பேர், கோவை, பால். போன வாரம் ப, பா, பி, பீ.

வகுப்பில் பக்கத்தில் மாராத்தாள். வாய் ஓயாது. "ஆறுமுகண்ணா, நீங்க படிச்சு கலெக்டராகி எனக்கு ஒரு பசுமாட்டு லோன் குடுக்கோணும்" என்கிறாள்.

பசு இன்று சரியாகத் தின்னவில்லை. பார்க்க வேண்டும்.

ஆடி 6, புதன்

ரங்கசாமி மச்சான் போய்விட்டார்.

விடியக்காலம் சொந்தக்காரர் குரூப்பில் போட்டோ வந்தது. அவர் மருமகள் போட்டது. மச்சான் தனியாக, சுற்றிலும் பூ, கீழே இரண்டு விளக்கு. அடியில் எழுத்து. எழுத்து எதற்கு? அன்னூர் சுவரில் நான் பார்க்காத போஸ்டரா. ஆணும் பெண்ணும் நின்றால் கல்யாணம். பட்டுப்பாவாடையில் ஒரு பிள்ளை இருந்தால் வயசுக்கு வந்த சீர். கும்பிட்டபடி ஒருவன் சிரித்தால் கட்சி. தனி ஆள், சுற்றிப் பூ என்றால் ஒன்றுதான். இத்தனை வருசமாகப் படம் பார்த்தே எல்லா விசேசத்துக்கும் போய் வந்திருக்கிறேன். ஒன்றும் தப்பியதில்லை.

வள்ளியிடம் எப்படிச் சொல்ல. அவளுக்கு இருப்பது அந்த ஒரே அண்ணன். சொன்னேன். சாணிக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குரூப்பில் பேசி அனுப்பினேன்: "நம்ம துடியலூர் கண்டக்டர் மச்சான் தவறிட்டாருங்க. எல்லாரும் பொறப்பட்டு வாங்க."

அன்னூரில் இறங்கி, போர்த்துவதற்குக் கோடி வேட்டி ஒன்று எடுக்க வேண்டும். மாலை துடியலூரில் வாங்கிக்கொள்ளலாம்.

மச்சான் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில், எனக்கு போர்டு படிக்கத் தெரியாது என்று ஒருநாளும் யார் முன்னாலும் காட்டிக்கொண்டதில்லை. நான் இறங்குகிற ஊர் வந்தால் மட்டும் இரண்டு தடவை கூவுவார். மற்ற ஊருக்கு ஒரு தடவைதான். அது எனக்காக என்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு.

ஆடி 7, வியாழன்

மச்சான் இருக்கிறார்.

எப்படிச் சொல்வது. நேற்று அவர் தெரு முனையிலேயே வள்ளி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்துவிட்டாள். வாசலில் பந்தல் இல்லை, பெஞ்சு இல்லை. உள்ளே பாயச வாசம். இடது கையில் டம்ளர், வலது கையில் சோறு ஒட்டியபடி மச்சான் வெளியே வந்தார்.

"ஏனம்மணி, யாரு போயிட்டது?" என்றார்.

 வள்ளி ஓடிப்போய் அவர் கையை, முகத்தை, தோளைத் தடவிப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். என் கையில் மாலை. கக்கத்தில் வேட்டி.

நேற்று அவருக்குப் பிறந்தநாள். மருமகள் போனில் பூ வைத்துப் படம் செய்து போட்டிருக்கிறாள். "அழகா இருக்கட்டும்னுதானுங்க பூ வெச்சேன்" என்று அந்தப் பெண் அழுதது.

அதற்குள் வண்டி சத்தம். யாரோ சொல்லி ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்தவன், "பாடி எங்கீங்க?" என்று மச்சானிடமே கேட்டான். பின்னாலேயே அந்தியூர் பங்காளிகள் ஒரு வேன். இறங்கும்போதே அழுகை.

மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊட்டுக்குப் போங்க மாப்ள" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ்ஸில் வள்ளி கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமல்லங்க?"

கேட்டிருக்கலாம். ஆனால் எழவு வீட்டுக்குப் போன் போட்டு, நிஜமா என்று கேட்கிற வழக்கம் நம் பக்கம் உண்டா? காதில் விழுந்தால் கிளம்ப வேண்டியதுதான். கேட்பவனைத்தான் மனுசனா என்பார்கள்.

வேட்டியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டாள். மாட்டுக் கொட்டகை விட்டத்தில் செருகியிருக்கிறேன்.

ஆடி 8, வெள்ளி

சாரல். பசு தேவலை.

வகுப்புக்குப் போக வேண்டாம் என்று இருந்தேன். மாராத்தாள் வாசலில் வந்து நின்றாள். "வாங்கண்ணா. என்ற போட்டோ வந்தா மட்டும் ஒரு நாள் பொறுத்து அழுவுங்க, போதும்." ஊருக்கே தெரிந்துவிட்டது.

டீச்சரிடம் நானே சொன்னேன். சிரிக்கவில்லை. அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டலாமா என்று கேட்டார். சரி என்றேன். பேரை மறைத்துவிட்டு, சுவரில் இருக்கிற பெரிய டிவியில் போட்டார்.

"இது என்ன படம்? சொல்லுங்க."

"எழவுங்க" என்றது வகுப்பு முழுதும். மாராத்தாள்தான் முதலில் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

டீச்சர் விரலால் இழுத்து அடியில் இருந்த எழுத்தைப் பெரிதாக்கினார். முதல் எழுத்து பி. போன வாரம் படித்தது. என் கையிலேயே இருந்திருக்கிறது. நான் பூவைத்தான் பார்த்தேன்.

டீச்சர் சொன்னது, மறக்காமல் இருக்க: படம் வந்தால், அனுப்பினது யார். அடியில் என்ன எழுதியிருக்கிறது. படிக்க முடியாவிட்டால் யாரிடம் கேட்பது. அதற்கு அப்புறம்தான் அடுத்தவருக்கு.

"டீச்சர், எழவைக் கேட்கக் கூடாதுங்களே" என்றேன்.

"செத்தாரான்னு கேட்க வேண்டாம் ஐயா. வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேளுங்க. பதில் அதுலயே வந்துரும்."

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "தப்பான சேதி எங்கெல்லாம் போச்சோ, அங்கெல்லாம் சரியானதும் போகணும். நீங்கதான் அனுப்பணும்."

அவருக்கு என்ன. குரூப்பில் இருப்பது என் சொந்தம்.

ஆடி 11, திங்கள்

மச்சான் வீட்டுக்கு இன்னும் போன் போகிறதாம். துக்கம் கேட்டு. ஒருவர் காரியம் என்றைக்கு என்று கேட்டாராம். மருமகள் போனையே அணைத்து வைத்துவிட்டாளாம். அந்தியூர்க்காரர் சொன்னார்.

வருசம் தப்பாமல் ஆடி முதல் வாரமே மச்சானிடமிருந்து வள்ளிக்குப் போன் வரும். "அம்மணி, பதினெட்டுக்கு வந்துரு." இந்த வருசம் இல்லை.  அவள் போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிறாள். தண்ணீர் தூக்கப் போனாலும்.

மனசு கேட்கவில்லை. மச்சானுக்கே முதலில் பேசி அனுப்பினேன். தப்பு நடந்துபோச்சுங்க, குரூப்பிலும் பேசிச் சொல்லிவிடுகிறேன் என்று. பதில் குரலிலேயே வந்தது.

"பேசித்தான் என்னைக் கொன்னுபோட்டீங்க மாப்ள. இனிப் பேச வேண்டாம். எழுதிப் போடுங்க."

எனக்கு எழுத வராது என்று நன்றாகத் தெரிந்தவர். கூட்டத்தில் ஒருநாளும் காட்டிக்கொடுக்காதவர்.



ஆடி 13, புதன்

வகுப்பில் பாடம் நடக்கவில்லை. எனக்காக.

நான் எழுதித் தரட்டுமா என்றார் டீச்சர். வேண்டாம் என்றேன். மைக்கை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிவிடுமே அண்ணா என்றாள் மாராத்தாள். அதுவும் வேண்டாம். பேச வேண்டாம் என்றுதானே சொன்னார்.

விரலால் ஒவ்வொன்றாக. என் விரலுக்கு அந்தக் கட்டம் சின்னது. ஒன்றைத் தொட்டால் பக்கத்து வீட்டுக்காரன் வந்து நிற்கிறான். மச்சான் பேருக்கு மட்டும் பாதி வகுப்பு. டீச்சர் போர்டில் எழுத எழுத, நான் தேடித் தேடி. "விட்றாதீங்கண்ணா, ச வந்துருச்சு, மி மட்டுந்தான்" என்று மாராத்தாள் கபடி பார்க்கிற மாதிரிக் கத்தினாள்.

முடித்தது இது:

ரங்கசாமி மச்சான் நல்லா இருக்கார். தப்பு என்னுது. ஆறுமுகம்.

குரூப்பில் விட்டேன். 

மருமகள்மேல் தப்பில்லை என்றும் போட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அந்தப் பிள்ளை ஆசையாகப் பூ வைத்தது.

ஆடி 15, வெள்ளி

வெயில். தேங்காய் போடும் ஆள் வரவில்லை.

குரூப்பில் அந்தியூர்க்காரர்கள் சிரிக்கிற பொம்மையாகப் போடுகிறார்கள். போடட்டும். ஒருவர் "சந்தோசமுங்க மாமா" என்று எழுதியிருந்தார். நானே படித்தேன். மாமா என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது.

மருமகளுக்குத் தனியாக ஒரு வரி எழுதினேன்: பூ அழகு. மாராத்தாள்தான் எழுத்தைச் சரி பார்த்தாள். பதிலுக்குக் கும்பிடு போட்டது அந்தப் பிள்ளை.

மச்சானிடமிருந்து ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டார் என்று மட்டும் போன் காட்டுகிறது.

வள்ளி பெட்டியைத் திறந்து, பதினெட்டுக்குக் கட்டுகிற சேலையைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடி வைத்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

ஆடி 17, ஞாயிறு

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தேன். போன் சத்தம். மச்சான்.

படம் இல்லை. குரல் இல்லை. எழுத்து மட்டும், இரண்டு வரி. டீச்சர் வீடு தூரம். மாராத்தாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து நானே பார்த்தேன். முதல் எழுத்தில் விரல் வைத்தேன். கோ. கோவை என்பதில் வருவது. அப்புறம் டி. அப்புறம் தெரியாதது ஒன்று, அதைத் தாண்டினேன். பசு கத்தியது. கத்தட்டும்.

வள்ளி பக்கத்தில் வந்து நின்றதே தெரியவில்லை.

"என்னங்க போட்டிருக்குது?"

படித்தேன். திரும்பவும் படித்தேன். அப்புறம் சத்தமாக.

"கோடி வேட்டியைக் கொண்டு வாங்க மாப்ள. பதினெட்டுக்குக் கட்டிக்கறேன்."

வள்ளி முகத்தைச் சுளித்தாள். "அட சாமீ, அதைப் போய் யாராச்சும் கட்டுவாங்களா? நீங்க ஒழுங்காத்தான் படிச்சீங்களா? போன தடவையும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்கொ."

"ஒழுங்காத்தான் படிச்சேன்."

"இருங்க. இந்தத் தடவை கேட்டுப்போட்டுத்தான்."

இடுப்பிலிருந்து போனை எடுத்துப் போட்டாள். டீச்சர் சொன்னதை அவளிடமும் சொல்லியிருந்தேன், அப்படியே ஆரம்பித்தாள். "அண்ணா, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

அந்தப் பக்கம் கண்டக்டர் குரல். நான் நின்ற இடம் வரை கேட்டது.

"ஏனம்மணி, இன்னும் பொறப்படலியா? இன்னும் பொறப்படலியா?"

இரண்டு தடவை.

வேட்டியை எடுக்கக் கொட்டகைக்குப் போகிறேன். தூசி தட்ட வேண்டும்.