மச்சம் போன படமும் பக்கம் மாறிய பாக்கெட்டும்

அன்புள்ள வாலுக்கு, இங்கே சித்தியின் முழங்காலைத் தவிர வீட்டில் எல்லோரும் எல்லாமும் சௌக்கியம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

சுவரில் மாட்டியிருந்த உன் அப்பா படம் மழை ஒழுகி, கண்ணாடியோடு ஒட்டி, முகமே உரிந்து போனதிலிருந்து உன் அம்மா சரியாகத் தூங்குவதில்லை. அவரு போயி பதினோரு வருஷமாச்சு தம்பி, படமும் இல்லன்னா அவரு மூஞ்சியே மறந்துருமோன்னு பயமா இருக்கு என்றார். என் தகர டப்பாவில் அதன் நெகட்டிவ் பத்திரமாக இருந்தது, உலகத்தில் அது ஒன்றுதான். நீயோ, கம்ப்யூட்டரில் போடுங்கள், சித்தப்பா கையில் மட்டும் கொடுக்காதீர்கள் என்று எழுதிவிட்டாய். இந்த ஊரில் பாதிப் பேரின் முகத்தைக் கழுவி எடுத்தவனைப் பார்த்து! ஒரு மந்திரியே என் ஸ்டூடியோ இருட்டறை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார், மூன்று என்றும் சொல்வார்கள்.

போகட்டும் என்று கம்ப்யூட்டர் கடைக்கே கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் கால்மணி நேரத்தில் பளபளவென்று எடுத்துக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்த உன் அம்மா, யாரு இந்த மாப்பிள்ளை, மச்சம் எங்க என்றார். தூசின்னு நெனச்சுத் தொடச்சிட்டேன் சார் என்கிறாள் அவள். மிளகு அளவு மச்சம், தூசியாம்!

அப்புறம் நானே இறங்கினேன். பரணிலிருந்து, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரை இறக்கி, குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, சிவப்பு பல்பு மாட்டினேன். வெளியே சித்தி, குளிக்கணும், உங்க சினிமாவ முடிங்க என்று கதவை இடித்துக்கொண்டிருந்தாள். மருந்துத் தட்டில் போட்ட தாளில் முதலில் மீசை வந்தது, அண்ணன் எங்கே போனாலும் அதுதான் முன்னால் போகும். பிறகு மச்சம், அப்புறம் மெதுவாக முழு முகம். தண்ணீரில் வழக்கத்தைவிட அதிக நேரம் அலசினேன், மருந்து போக வேண்டுமே, அதனால்தான்.

காயவைத்துக் கொடுத்தேன். சட்டைப் பாக்கெட் ஏன் தம்பி வலப்பக்கம் இருக்கு, நெகட்டிவத் திருப்பிப் போட்டுட்டீங்களா என்றார் உன் அம்மா. முப்பது வருஷ அனுபவக்காரன் செய்கிற தப்பா! கொடுங்க அண்ணி, வேற போடறேன் என்று கையை நீட்டினேன். தரவில்லை. தினமும் அவரு ஷேவ் பண்றப்ப பின்னால நின்னு கண்ணாடியிலதான் பார்ப்பேன், நேருக்கு நேர் உங்கண்ணன் என்னிக்கு ஒரு இடத்துல நின்னாரு, எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி இதுதான் என்று சொல்லி, படத்தை மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மத்தியானம் உட்கார்ந்தபடியே நன்றாகத் தூங்கினார்.

வேண்டுமென்றுதான் திருப்பிப் போட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, காட்டிக்கொடுத்துவிடாதே. நீ அவர் மடியில் உட்கார்ந்து நேராகப் பார்த்த பிள்ளை. உனக்கு நேராகவே ஒன்று போட்டு இதோடு வைத்திருக்கிறேன், மச்சம் அதன் இடத்தில் இருக்கிறது.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து நூறு வருஷம் இரு. படத்தை வெயில் படுகிற சுவரில் மாட்டாதே, ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் பண்ண மறக்காதே.

ஆசீர்வாதங்களுடன்,
இருட்டறைச் சக்கரவர்த்தி,
உன் சித்தப்பா