கால்வாய் நீருக்கு நான் கொடுத்த தாள்

அண்ணா,

இன்று காலை ஆம்பூர் தாண்டும்போது, நான் வந்த பேருந்துக்கு முன்னால் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று போனது. உப்பும் ரத்தமும் கலந்த அந்த வாடை ஜன்னல் வழியே வந்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. தோல் தொழிற்சாலைக் கால்வாய் நீரைக் குளிர்பான பாட்டிலில் அடைத்துக்கொண்டு நான் வேலை பார்த்த நீர் ஆய்வகத்துக்கு வருவீர்களே, அன்றெல்லாம் உங்கள் சட்டையிலும் இதே வாடைதான்.

அந்த நீரைக் குடித்த உங்கள் ஆடுகள் நான்கும் ஒரே நாளில் செத்துப்போயிருந்தன. ரத்தம் காப்பி நிறத்தில் இருந்ததைப் பார்த்த கால்நடை மருத்துவர், நீரில் நைட்ரைட் என்ற நச்சு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். கலெக்டரிடம் மனுவோடு கொடுக்க உங்களுக்குச் சோதனை முடிவு எழுதிய ஒரு தாள் வேண்டியிருந்தது.

நீரில் கரைந்திருக்கும் அயனிகளைப் பிரித்துக் காட்டும் இயந்திரம் அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. திரையில் ஒவ்வொன்றும் தனி முகடாக எழும். உங்கள் நீரிலோ உப்பின் குளோரைடு மட்டும் மலைபோல எழுந்து நின்றது. அடுத்து வரவேண்டிய நைட்ரைட் அதன் சரிவில் புதைந்துபோனது. நல்ல நீர் சேர்த்து நீர்க்கச் செய்து பார்த்தேன். மலை சிறுத்தது, நான் தேடியதும் தென்படாமல் போனது. மூன்று முறை வந்தீர்கள், மூன்று முறையும் இதே கதை.

"இன்னாம்மா, அதுல இல்லியா, இல்ல உன் மிஷினுக்குத் தெரியலியா?"

"உப்பு ஜாஸ்திண்ணா. தெரியல."

"அப்ப அத எழுதிக் குடும்மா."

எழுதத்தான் போனேன். மேலதிகாரி விடவில்லை. "தெரியலன்னு எழுதினா அப்புறம் லேப் எதுக்குன்னு கேப்பாங்க. ஃபார்ம்ல இருக்கறத எழுதும்மா." 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நைட்ரைட் இல்லவே இல்லை என்று பொருள் கொண்டு, அந்த ஒரு சொல்லைக் காட்டியே உங்கள் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

குளோரைடை மட்டும் பிடித்துவைக்கும், வெள்ளி அடைத்த சிறு வடிகுழல்கள் இரண்டு வருடம் கழித்து வந்தன. அதே கால்வாயில் நானே நீர் எடுத்துவந்து சோதித்தேன். இந்த முறை நைட்ரைட் பளிச்சென்று எழுந்தது. தாளோடு உங்கள் வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா தவறிப்போய் ஆறு மாசமாச்சுக்கா" என்றாள் உங்கள் மகள். தாளைப் படித்தாள். "இது இப்ப எடுத்த தண்ணி தானே?" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவள் சொன்னது சரிதான். பழைய நீருக்கு அது சாட்சி ஆகாது.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அண்ணா. மேலதிகாரி மேல் உள்ளதைவிட, மறுக்காமல் கையெழுத்திட்ட என் மேல்தான் அதிகம். அதற்குப் பிறகு, அளக்க முடியாத நீருக்கு 'உப்பால் அளக்க இயலவில்லை' என்றே எழுதினேன். ஃபார்மில் அதற்கு இடமில்லை என்று தாள் திரும்பி வரும். ஓரத்தில் பேனாவால் எழுதி மறுபடி அனுப்புவேன். ஓய்வு பெற்ற அன்றும் ஒன்று திரும்பி வந்தது. அதைப் பையிலேயே வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.