'காலி' என்று எழுதிய தட்டு

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் வரியில் நலம் என்று எழுதிவிட்டு, மூன்றாவது வரியில் என்னைப் பதறவைத்துவிட்டாய். "ஆறு தடவை மருந்து ஏத்துனதுல மார்புக் கட்டி காலி. கையில தட்டுப்படவே இல்ல. இனி ஆபரேஷன் எதுக்கு?" என்கிறாய். அந்தக் 'காலி'யைப் படித்ததும் நம் பழைய ஆய்வுக்கூடம் கண்முன் வந்தது.

ஜன்னல் இல்லாத அறை, ஒரே ஒரு சுழல் நாற்காலி, அதற்குத் தினமும் சண்டை. நீ மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே தூங்கிவிடுவாய். கண்ணைச் சுற்றி வட்டமாக அச்சு விழுந்திருக்கும். அந்த முகத்தோடு துறைத்தலைவரிடம் போய், "தூங்கவே இல்ல சார்" என்று சாதிப்பாய். எத்தனை நல்ல நாட்கள் அவை!

மார்பகப் புற்றுச் செல்கள் மேல் மருந்து ஊற்றிப் பார்த்தோமே, அந்தத் தட்டு ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுகூட மிச்சமில்லை என்று மூடியில் 'காலி' என எழுதியவள் நீதான். கழுவிவைக்க வேண்டியது என் முறை. சோம்பலில், செல்களை வளர்க்கும் இன்குபேட்டரின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டேன். மற்றத் தட்டுகளுக்குச் சத்துநீர் மாற்றும்போதெல்லாம், பழக்கதோஷத்தில் அதற்கும் மாற்றிவந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நான்கு திட்டுகள் முளைத்திருந்தன. தலைவர் திட்டவில்லை. "ஸ்டெம் செல்லா இருக்கும்மா. ஓயாம பெருகுறதைத்தான் இந்த மருந்து அடிக்கும். இது சத்தமில்லாம படுத்துக் கிடந்துட்டு, அப்புறம் எழுந்து குடும்பத்தையே பெருக்கிடும்" என்றார். உன்னைப் போலத்தான் என்று நான் சொல்ல, அன்றிலிருந்து அவற்றுக்கும் நமக்குள் தூங்குமூஞ்சி என்றே பெயர். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இன்று சிரிப்பு வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அன்று மைக்ராஸ்கோப்புக்கே அகப்படாதது, இன்று உன் கைக்கா அகப்படும்? மருந்தோடு நிறுத்தாதே. உள்ளே காலியா இல்லையா என்பதை, வெட்டியெடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதட்டும். நீ எழுதிய காலியை ஒருமுறை நம்பியது போதும்.

டாக்டர் ஆபரேஷனுக்குக் குறித்த பன்னிரண்டாம் தேதிக்கு விடுப்பு போட்டுவிட்டேன். முந்தின நாளே வந்துவிடுவேன். மயக்க மருந்தில் உன் இஷ்டம்போல் தூங்கு, வெளியே உட்கார்ந்திருப்பேன். பிறகு எழுந்துவிடு. சுழல் நாற்காலியைக்கூட உனக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன், எழுந்துவிடு.

என்றும் உன்,
சிடுமூஞ்சி