எண்பத்து மூன்றாம் பக்கம் வரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பால் சுகம், மனசால் சுகமா என்று கேட்டால் உன் அம்மா சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண் நிறையத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற தைரியத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு. நீ அனுப்பிய நீல அட்டை நாவலை நான் படிக்கவே இல்லை. படித்தேன், ரசித்தேன் என்று போன மாதம் ரெண்டு பக்கத்துக்கு எழுதித் தள்ளினேனே, அது அத்தனையும் காதால் கேட்டது.

பார்சலைப் பிரித்ததும் புரட்டிப் பார்த்தேன் கண்ணு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எழுத்து ஒவ்வொன்றும் பேன் குஞ்சு அளவு. நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. கடையில் முடிவெட்டக் காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் அதைப் போட்டு, கொஞ்சம் சத்தமாகப் படிங்களேன், எனக்கும் கேக்கட்டும் என்று சொல்லிவைத்தேன். முதலில் எடுத்தவர் மருந்துக்கடைக்காரர். அந்த மனுஷன் எதைக் கையில் எடுத்தாலும் காலாவதித் தேதியைத்தான் முதலில் தேடுவார், ஆகவே கடைசி அத்தியாயத்தைப் படித்தார், கதையில் வரும் தாய் செத்துப்போனாள். மறுவாரம் பாங்க் வாட்ச்மேன் நடுவில் எங்கேயோ பிரித்துப் படித்தார், அந்தத் தாய் உட்கார்ந்து மகன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் என்ன கண்டேன், செத்த பிறகும் வந்து பொத்தான் தைக்கிறாளே, அதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்தது என்று உனக்கு எழுதிவிட்டேன்.

நீ அதை உன் வாசிப்புக் கூட்டத்தில் படித்துக் காட்டுவாய் என்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் கை தட்டினார்கள், எங்க அப்பா மாதிரி இந்தப் புத்தகத்தை யாருமே படிச்சதில்லைன்னு சொன்னேன்பா என்று போனில் குதித்தாய். அது என்னவோ உண்மைதான். அடுத்த மாதக் கூட்டத்தில் நானே போனில் அவர்களோடு பேச வேண்டும் என்றும் சொல்லிவிட்டாய். உன் அம்மாவிடம் சொன்னதற்கு, இந்தப் பித்தலாட்டத்துக்கு நான் கூட்டு இல்லை, புள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வெட்கப்படுவது இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தாய். டீச்சர் கூட்டெழுத்தில் எழுதியிருந்தார், எனக்குப் படிக்க ஓடவில்லை. ஓடவில்லை என்று சொல்லாமல், என்னடி, வாத்தியாரம்மா நம்ம கடையில முடிவெட்ட நேரம் கேக்குறாங்களா என்று கிண்டல் பண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பரிசு வாங்கும்போது அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்ததாம். மற்ற பிள்ளைகள் எல்லாம் அப்பாவோடு நிற்க நீ மட்டும் தனியாக நின்றாய் என்பதை உன் அம்மா ரெண்டு வருஷம் கழித்துச் சொன்னாள். நீ இன்று வரை சொல்லவில்லை. அன்றைக்கும் படிக்காமல் தலையாட்டினேன், இந்த வயசிலும் அதையே செய்திருக்கிறேன். வாய் மட்டும் குறையவில்லை.

அதனால் பன்னிரண்டு நாளாக நானே படிக்கிறேன், முதல் பக்கத்திலிருந்து. ஆள் இல்லாத நேரம் சுழல் நாற்காலியில் நானே உட்கார்ந்து, வரி தவறாமல் இருக்க அடியில் சீப்பை வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகிறது. யாரும் படிக்காத அந்த முதல் அத்தியாயத்தில்தான் கண்ணு எல்லாம் இருக்கிறது. மகன் ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று அவள் அழாமல் அவன் செருப்பைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டே இருக்கிறாள். நீ கிளம்பிய அன்று பஸ்ஸில் உன் பெட்டியை ஏற்றும்போது, உள்ளே யாரையாவது கடத்திட்டுப் போறியா என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? இந்த எழுத்தாளருக்கு அது எப்படித் தெரிந்தது? அவள் செத்துப்போவாள் என்று எனக்கு முன்னாலேயே தெரியும், ஆனாலும் ஒவ்வொரு பக்கமும் திருப்பும்போது, பிழைத்துக்கொள்வாளோ என்று பார்க்கிறேன்.

உன் கூட்டத்தாரிடம் உண்மையைச் சொல்லிவிடு. சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு, இந்த முறை எனக்கு வேண்டாத கைதட்டல் வராது. அதற்குப் பிறகும் நான் பேச வேண்டும் என்றால் பேசுகிறேன், எண்பத்து மூன்றாம் பக்கத்துக்குள் கேட்கச் சொல். நீ இப்போது என்ன படிக்கிறாய் என்றும் எழுது, மெல்லிசான புத்தகமாக இருந்தால் உடனே அனுப்பு. போட்டோவில் பார்த்தேன், உனக்குப் பின்னால் முடி ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, வெட்டியவனிடம் போய்க் கேள். கண் பார்வையும் தலைமுடியும் குறையாமல் நூறு வயசு இரு.

தலைகுனிந்த அன்புடன்,
உன் அப்பா

பி.கு: படித்து முடித்ததும் புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கண்ணாடிப் பலகையில் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் நேற்று பாங்க் வாட்ச்மேனுக்குச் சவரம் செய்தேன், அந்தத் தாய்க்கு முதல் முதலாகக் காய்ச்சல் கண்ட இடம். எண்பத்து மூன்றாம் பக்கத்தில் சோப்பு நுரையோடு ஒட்டியிருப்பது அவருடைய இடது மீசை. வலது அவரிடமே இருக்கிறது.