சனிக்கிழமை விருந்தாளி

அஜின்கோர்ட், ரொறன்ரோ
22 செப்டெம்பர் 2024

அன்பிற்கினிய தோழி ஜோசப்பினுக்கு,

நான் நலமாக உள்ளேன். நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகின்றேன். வழக்கம்போல் தாளில் எழுதி, படமெடுத்து, உன் தொலைபேசிக்கு அனுப்புகின்றேன். நேரே அழைத்தால் என்ன என்று கேட்பாய். அழைத்தால் என்னை ஒரு வாக்கியத்தையேனும் முடிக்க விடுகின்றாயா?

எனது வானொலிப் பகுதி சிறப்பாக நடைபெறுகின்றது. மில்லிக்கனில் பலசரக்குக் கடைக்கு மேலேயுள்ள அந்தச் சிறு கலையகத்தில், சனிக்கிழமை காலை பத்து நிமிடங்கள் அமெரிக்கத் தேர்தற் சொற்களுக்கு விளக்கமளிக்கின்றேன். "கனடாவில இருக்கிற சனத்துக்கு அமெரிக்கத் தேர்தல் என்னத்துக்கு அக்கா?" என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அன்புராசா தொடக்கத்திற் கேட்டார். நேயர்கள் அழைத்து ஐயங்கேட்கத் தொடங்கியபின் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவியலாத 'ஸ்விங் ஸ்ரேற்'றுக்கு 'ஊசல் மாநிலம்' என்று பெயரிட்டேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள், தொழிற்சாலையிற் பெட்டி ஒட்டியபடி அகராதி படித்தவள் ஆக்கிய சொல்லை இப்போது கடைத்தெருவிற் பிறர் வாயால் கேட்கின்றேன்.

நேற்றைய சொல் 'வேட்பாளர்'. உதாரணத்துக்கு எங்கே போவேன்? மிச்சிகன் மாநிலச் சபைக்கு நம் றோய் போட்டியிடும்போது வேறொருவரை எதற்கு எடுக்க வேண்டும்? நீயும் உன் கணவர் சீமோனும் வேலைக்குச் சென்ற நேரமெல்லாம், இதே அஜின்கோர்ட்டின் ஒரு நிலவறை வீட்டில், பத்து வயதுவரை என்னிடம் வளர்ந்த பிள்ளையல்லவா? அவனைப் பற்றிச் சற்று அணிசேர்த்தே பேசினேன். கேட்டால் மகிழ்வாய்.

அவன் கடைசியாக இங்கு வந்துபோய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வழக்குரைஞனுக்கு நேரமில்லை என்பதை அறிவேன். ஆயினும் ஏதேனும் ஒரு சனிக்கிழமை வந்துபோகச் சொல். இடியப்ப உரல் இன்னும் என்னிடமே உள்ளது.

மாறா அன்புடன்,
மங்கையற்கரசி


மிச்சிகன்
9 ஒக்ரோபர் 2024

மங்கை,

என்ன வேலையடி செய்து வச்சிருக்கிறாய்?

முந்தநாள் இரவுச் செய்திக்கு நடுவிலை ஒரு விளம்பரம். முதலிலை ரொறன்ரோக் கோபுரம். பிறகு உன்ரை குரல். "ஒவ்வொரு சனிக்கிழமையும் றோய் என் மேசையில் அமர்ந்துதான் இடியப்பம் உண்கின்றான். அவனுக்கு வீடு என்றால் இதுதான்." நீ சொன்னது சொன்னபடி, கீழை இங்கிலிசிலை எழுத்து. இடியப்பம் என்னெண்டு தெரியாமல் நூடில்ஸ் படம் ஒண்டு போட்டிருக்கிறாங்கள். கடைசியிலை பெரிய எழுத்திலை, "இவருடைய வீடு கனடாவில். வாக்கு மட்டும் உங்களிடம்."

றோய்க்கு எதிரா நிக்கிற மனுசி போட்ட விளம்பரம் இல்லை இது. வாடகை வீட்டு முதலாளிமாரின்ரை சங்கம் ஒண்டு போட்டது. வாடகை ஏத்திறதுக்கு எல்லை வைப்பன் எண்டு இவன் சொன்னான் எல்லோ, அந்தக் கோபம். உங்கடை வானொலி யூரியூப்பிலையும் போகுதாம். எங்கடை தமிழ்ச் சங்கத்திலையும் நாலு வீடு வாடகைக்கு விடுகிற ஆக்கள் இருக்கினம். ஆரோ கேட்டு மொழிபெயர்த்துக் குடுத்திருக்கினம்.

மூண்டு வீட்டுக் கதவு தட்டினால் ஒரு வீட்டிலை, "நீ கனடாக்காரன் எல்லோ?" எண்டு கேக்கினமாம். றோய் வந்து கதிரையிலை இருந்திட்டு என்னைப் பார்த்து, "அம்மா, நான் போறேல்லையே. அன்ரி ஏன் அப்பிடிச் சொன்னவ?" எண்டு மட்டும் கேட்டான். கத்தியிருந்தாலும் பறவாயில்லை.

இந்தச் சனி வானொலியிலை போய் அது பொய்யெண்டு சொல்லு. வேறை ஒண்டும் வேண்டாம்.

ஜோசப்பின்


அஜின்கோர்ட்
11 ஒக்ரோபர் 2024

அன்புள்ள ஜோசப்பின்,

உன் கடிதத்தின் தொனி என்னைப் புண்படுத்தியது. எனினும் விடயத்துக்கு வருகின்றேன்.

நான் கூறியது பொய்யன்று. அதனைத் தமிழில் உயர்வு நவிற்சி என்பர். ஒரு வளர்ப்புத்தாய் தன் பிள்ளையைப் பற்றிப் பெருமையாக ஒரு சொல் கூறினால், அதனை வெட்டியெடுத்து 'ஒலித்துணுக்கு' ஆக்கி ஊரூராக எறிபவர்களை விட்டுவிட்டு என்மீது பாய்கின்றாய். ஓர் இடத்துக்கு உரியவரல்லாமல் அங்கே வந்து போட்டியிடுபவரை அமெரிக்கர் 'காப்பெற்பாகர்' என்பர். இருபத்தைந்து ஆண்டுகள் அங்கேயே வாழும் பிள்ளை எவ்வாறு அப்படியாவான்?

சரி, நாளை விடுமுறை வாரமாதலால் என் பகுதி இல்லை; அடுத்த சனிக்கிழமை திருத்தம் வாசிக்கின்றேன். வாசகம் இதோ: "கடந்த மாதம் ஒலிபரப்பான ஒரு கருத்து, அதன் சூழலினின்று பிரித்தெடுக்கப்பட்டுத் தவறாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது." இது போதுமானது, கண்ணியமானது.

இதற்குமேல் என்னிடம் கேளாதே. இந்தக் கட்டிடத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எதிர்வீட்டுப் பேபி சனிக்கிழமைகளில் என் சமையல் வாசம் பிடித்து, "பெடியன் வந்தவனோ அக்கா?" என்று கேட்பாள். நானும் "ஓம், இப்பத்தான் போறான்" என்பேன். அதில் யாருக்கு என்ன நட்டம்? வானொலியில் ஏறி, என் வீட்டுக்கு எவரும் வருவதில்லை என்று நகரம் முழுவதற்கும் அறிவிக்கச் சொல்கின்றாய். நீ கேட்பது அதுதான் என்பது உனக்கு விளங்குகின்றதா?

மங்கையற்கரசி


மிச்சிகன்
14 ஒக்ரோபர் 2024

மங்கை,

விளங்குது. உன்ரை கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். பேபியைப் பற்றி நீ எழுதின இடத்திலை என்னாலை மேலை வாசிக்க ஏலாமல் போச்சு. எனக்கு நீ ஒரு நாளும் சொல்லேல்லையே, மங்கை.

உன்ரை வாசகத்தைப் பிரசாரத்துக்குப் பொறுப்பான பிள்ளை நிலாணிக்கு வாசிச்சுக் காட்டினன். நல்ல பிள்ளை, ஆனால் பூசி மெழுகத் தெரியாது. "அன்ரி, இப்பிடிச் சொன்னால் அவங்கள் இன்னொரு விளம்பரம் போடுவாங்கள். 'அவர் வாறேல்லை' எண்ட ஒரு வசனம் அவவின்ரை வாயாலை வரவேணும்" எண்டாள். கருத்துக் கணிப்பிலை ரெண்டு பேரும் சரிசமனா நிக்கினமாம். ஆருக்கெண்டு இன்னும் முடிவெடுக்காத சனம்தான் இந்த விளம்பரத்தைப் பார்த்துப் பயப்பிடுதாம்.

எனக்காக இல்லாட்டிலும் அவனுக்காகச் செய். தேர்தல் முடிய, டிசெம்பரிலை நத்தார்ப் பண்டிகைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு உன்னட்டை வாறன். அவனும் ஓம் எண்டவன். ஒரு கிழமை நிப்பம். பேபி கண்ணாலை பாக்கட்டும்.

உன்ரை ஜோசப்பின்


அஜின்கோர்ட்
19 ஒக்ரோபர் 2024

அன்புள்ள ஜோசப்பின்,

ஆயிற்று.

இன்றைய சொல் 'ஃபக்ற் செக்'. வேட்பாளர்களின் கூற்று மெய்யா பொய்யா என்று ஊடகங்கள் சோதித்துச் சொல்வதை நான் 'மெய்ச்சரிபார்ப்பு' என்கின்றேன். விளக்கத்தை முடித்தபின், உதாரணமாக என் கூற்றையே எடுத்துக்கொண்டேன். எழுதி வைத்தே வாசித்தேன்; குரல் தடுமாறக் கூடாதல்லவா? சொன்னது இதுதான்:

"நேயர்களே, செப்டெம்பர் இருபத்தொன்றாம் நாள் இந்நிகழ்ச்சியில் நான் கூறியது மெய்யன்று. றோய் என் வீட்டுக்கு வருவதில்லை. ஆறு ஆண்டுகளாக வந்ததில்லை. அவருடைய வீடு மிச்சிகனில் உள்ளது. சனிக்கிழமைகளில் நான் இடியப்பம் அவிப்பது மெய். அதனைத் தனியே உண்பதும் மெய். வேறெவரும் வருவதில்லை."

அன்புராசா உடனே பாட்டொன்றைப் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அக்கா, பெடியன் வாறேல்லை எண்டதோடை நிப்பாட்டியிருக்கலாம். கடைசி வரி தேவையோ?"

"பாதித் திருத்தம் திருத்தமாகாது, தம்பி."

"அதுக்காக இப்பிடியோ? என்ரை மனுசி கேட்டுக்கொண்டிருப்பாள். இனி உங்களை வீட்டை கூட்டிக்கொண்டு வா எண்டு என்னைத் தின்னப்போறாள்."

"வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்."

நிகழ்ச்சி முடிந்ததும் வழமையாக நேயர் அழைப்பு விளக்குகள் எல்லாம் எரியும். இன்று ஒன்றும் எரியவில்லை. எதனைக் கேட்பதென்று அவர்களுக்கும் தெரியவில்லை போலும்.

திரும்பி வந்தபோது லிப்ற்றுக்குள் பேபி நின்றாள். அவள் நாகரிகம் பார்ப்பவளல்லள். "அக்கா, அப்ப இவ்வளவு காலமும் 'இப்பத்தான் போறான்' எண்டு சொன்னீங்களே, அது ஆர், பேயோ?" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பின்னர் இருவரும் எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாலையில் அவள் என் கதவைத் தட்டினாள். கையில் கறிச்சட்டி. "நான் உண்டுவிட்டேன்" என்று சங்கிலியைக் கழற்றாமலே சொல்லி அனுப்பினேன். உண்டிருக்கவில்லை. இரக்கத்துக்குத் தட்டு வைக்க எனக்கு இன்னும் பழக்கமில்லை.

நத்தார் வருகைக்காக இரண்டு தலையணைகள் வாங்கவுள்ளேன். றோய்க்கு இப்போதும் தாழ்ந்த தலையணைதானா?

அன்புடன்,
மங்கையற்கரசி


மிச்சிகன்
7 நவம்பர் 2024

என்ரை மங்கை,

வெண்டிட்டான்! முந்நூற்றுச் சொச்ச வாக்குத்தான், ஆனாலும் வெண்டிட்டான். நேற்றுப் பின்னேரம்தான் எண்ணி முடிச்சவை. றோய் என்னைத் தூக்கிச் சுத்தினான். தலையணை தாழ்ந்ததுதான் எண்டு அண்டைக்கே எழுத நினைச்சு, ஓட்டத்திலை விட்டுப்போட்டன்.

எல்லாம் உன்னாலைதான். நிலாணி உன்ரை திருத்தத்தை எடுத்து எதிர் விளம்பரம் ஒண்டு செய்தவள். ஒரு படமும் இல்லை. கறுப்புத் திரையிலை உன்ரை குரலும் எழுத்தும் மட்டும். "வேறெவரும் வருவதில்லை" எண்டதோடை முடியுது. அதைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார மனுசி அலுவலகத்துக்கு வந்து அழுதவவாம். சனம் நம்பிச்சுது, மங்கை.

இனிச் சொல்லப் போறதை எப்பிடி எழுதிறதெண்டு தெரியேல்லை. எழுதி எழுதிக் கிழிச்சன்.

நத்தாருக்கு வர ஏலாதாம். நிலாணி சொல்லுறாள், அந்தச் சங்கம் இன்னும் கண் வச்சுக்கொண்டுதான் இருக்குதாம். எல்லை தாண்டி உன்ரை வீட்டு வாசலிலை அவன் நிக்கிற படம் ஒண்டு கிடைச்சால், நீ சொன்ன திருத்தமே பொய்யெண்டு ஆக்கிப்போடுவாங்களாம். ரெண்டு வருசத்திலை திருப்பித் தேர்தல். பிரசாரம் முடியிறதே இல்லையாம், அடுத்தது இப்பவே தொடங்கியிட்டுதாம். "அன்ரி சொன்னது உண்மையாவே இருக்கவேணும்" எண்டு அவள் சொல்ல, றோய் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தான். நான் தனியா வரலாம்தான். ஆனால் எனக்குக் கார் ஓடத் தெரியாது, பஸ்ஸிலை அவ்வளவு தூரம் இந்த முழங்கால் விடாது.

ரெண்டு வருசம் பொறு, மங்கை. அவன் உன்னை மறக்கமாட்டான்.

ஜோசப்பின்


அஜின்கோர்ட்
30 நவம்பர் 2024

அன்பிற்கினிய ஜோசப்பினுக்கு,

வெற்றிச் செய்தி கிடைத்தது. றோய்க்கு என் வாழ்த்தைச் சொல். பதிலுக்குத் தாமதித்தமைக்கு மன்னிக்க. சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன், எனக்கு இது புதிது.

நிலாணி கூறுவது சரியே. ஒரு தேர்தலின் இறுதி நாளே அடுத்ததன் முதல் நாள் என்னும் அந்த முறைக்கு 'ஓயாப் பிரசாரம்' என்று ஏற்கெனவே பெயர் வைத்துள்ளேன். நான் ஆக்கிய சொல் எனக்கே வந்து சேரும் என்று எண்ணவில்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையைக் குறைசொல்லாதே. றோயையும் கடிந்துகொள்ளாதே. தலை குனிந்தான் என்று எழுதியிருந்தாய். சிறுவயதிலும் அழுகை வரும்போது அவ்வாறே செய்வான். பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட வேண்டும்.

தேர்தல் முடிந்ததால் என் பகுதியும் இன்று காலையுடன் நிறைவடைந்தது. இறுதிச் சொல்லாக 'கொன்ஸ்ரிற்றுவன்ற்' என்பதை எடுத்தேன். ஓர் உறுப்பினரின் தொகுதியில் வாழ்பவர். அவருக்கு வாக்களித்தாலும் அளிக்காவிட்டாலும் அவர் கதவைத் தட்ட உரிமையுள்ளவர். கடிதம் எழுதினால் அவர் பதில் எழுதக் கடமைப்பட்டவர். 'தொகுதிவாசி' என்று பெயரிட்டேன். அன்புராசா மிகப் பொருத்தம் என்றார். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில்தான் எனக்கு உறைத்தது: உலகில் றோய் கட்டாயம் பதில் சொல்ல வேண்டியவர்கள் பல்லாயிரம் பேர் இருக்கின்றார்கள், நான் அவர்களுள் ஒருத்தியல்லள்.

இரண்டு ஆண்டுகள் பொறு என்கின்றாய். இரண்டு ஆண்டுகளின் முடிவில் மீண்டும் ஒரு தேர்தல் இருக்கும், ஜோசப்பின். அதனால் நாம் இதனை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். வருகின்றோம் என்று இனி எழுதாதே. எதிர்பார்த்திருப்பதைவிட எதிர்பாராதிருப்பது எனக்கு இலகு. நீ நலமாயிருக்கின்றாய் என்பதை மட்டும் எப்போதாவது எழுது, அது போதும்.

தலையணைகளைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. பேபியின் மகளுக்குக் குழந்தை பிறந்துள்ளது. வீடு நிறைய ஆட்கள் என்றாள். கொடுத்துவிட்டேன். உள்ளே வரச் சொன்னாள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லியுள்ளேன்.

இன்று சனிக்கிழமை. இடியப்பம் அவித்தேன், சொதியும் வைத்தேன். கதவுச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் அமர்ந்தேன். உணவு ஆறும்வரை இருந்து, என் கூற்றை முறைப்படி மெய்ச்சரிபார்த்தேன்.

நிலாணியிடம் சொல், கவலைப்பட ஒன்றுமில்லை. அது இன்றும் மெய்யாகவே இருக்கின்றது.

என்றும் உன்,
மங்கையற்கரசி